1208-ஆம் லாட்

1996 ஜூலை 16, செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. இராஜபாளையம், எங்கள் பேண்டேஜ் கம்பெனியின் மாடி அறை. இருந்தவர்கள்: முதலாளி சஞ்சீவி ராஜா, கம்ப்யூட்டர் திரைக்கு நேர் எதிரே. அவருக்கு வலப்பக்கம், மவுஸ் கையில் எட்டும்படி, மதுரைக் கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து வந்த சேதுபதி. இடப்பக்கம், பேண்டேஜ் துணியை ஆவியில் வேகவைத்துக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் பிரிவின் சூப்பர்வைசர் சுயம்புலிங்கம். வாசலோரம் ஸ்டூலில், கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்க்கும் கிருபாபாய். மேஜையின் மறுபக்கத்தில், திரையின் முதுகும் கீழே தரையில் இந்தப் பக்கம் திருப்பி வைத்த கம்ப்யூட்டர் பெட்டியின் சிவப்பு விளக்கும் மட்டும் தெரிகிற இடத்தில், கடிதப் போக்குவரத்து கிளார்க்காகிய நான், தவசிமுத்து.

யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று எழுதாமல் நான் எந்தக் கூட்டக் குறிப்பையும் தொடங்குவதில்லை. செட்டியார்பட்டிப் பள்ளியில் கடிதம் எழுதிப் பழகிய நாளிலிருந்து அப்படித்தான். உள்ளே வரும் தபாலுக்கு ஒரு ரெஜிஸ்டர், வெளியே போகும் கடிதத்துக்கு ஒரு ரெஜிஸ்டர், இரண்டையும் நானே எழுதுவேன். வெளியே போகும் கடிதங்களுக்கு வரிசை எண் உண்டு. அந்த வரிசையில் எட்டில் முடியும் எண் மட்டும் கிடையாது. முதலாளியின் தகப்பனார் கம்பெனி தொடங்கியபோதே எட்டை ஒதுக்கிவிட்டார். கடித எண்ணானாலும், பெட்டி எண்ணானாலும், ஆட்டோகிளேவுக்குள் ஒரே தடவையாகப் போய் வரும் லாட்டின் எண்ணானாலும் ஏழுக்குப் பிறகு ஒன்பதுதான். இருபது வருடப் பழக்கத்தில் அது எங்களுக்கு ஒரு விஷயமாகவே தெரிவதில்லை. கை தானாகத் தாண்டிவிடும்.

அன்றைய கூட்டம் எதற்கென்றால், எங்கள் சரக்கை வாங்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி ஒன்று ஒரு நிபந்தனை போட்டிருந்தது. எந்த லாட் எண்ணைக் கேட்டாலும், அது என்றைக்கு ஆவியில் வெந்தது, பாஸா ரிஜெக்ட்டா என்று அந்த நிமிடமே கம்ப்யூட்டரில் தெரிய வேண்டும். கேட்டதில் நியாயம் இருந்தது. அதற்கு முந்தைய மாதம் 1211-ஆம் லாட்டில் ஆவி சரியாக ஏறாமல் அடையாள டேப் கறுக்கவில்லை. அந்த லாட் முழுவதையும் தனியே கட்டி, சிவப்பு மையில் எழுதி ஒதுக்கி வைத்திருந்தோம்.

அந்தப் புரோகிராமை எதில் எழுதுவது என்பதில்தான் பிரச்சினை. அப்போது புரோகிராம் எழுதுவதற்கென்றே புதிதாக ஒரு வகைச் சாமான் வந்திருந்தது. திரையில் வரவேண்டிய கட்டங்களையும் பொத்தான்களையும் வரிவரியாக எழுத வேண்டாம். மவுஸால் இழுத்து வைத்தால் போதும். ஆனால் பொத்தானை அமுக்கினால் என்ன நடக்க வேண்டும் என்பதை அதற்குப் பின்னால் தனியாக எழுதித்தான் ஆக வேண்டும். கிருபாபாய் டெல்பி வேண்டும் என்றார். சேதுபதி விஷுவல் பேசிக் என்றார். டெல்பி என்றால் கிருபாபாயே எழுதுவார். விஷுவல் பேசிக் என்றால் சேதுபதியின் ஆட்கள் மதுரையில் எழுதித் தருவார்கள், பிறகும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். எங்கள் கம்ப்யூட்டர் அறையைப் பூட்டிவிடலாம். அறையோடு கிருபாபாயின் வேலையும் போகும்.

அதனால்தான் எனக்குக் கிருபாபாய் மேல் சந்தேகம். வேலைக்காகத்தான் டெல்பி, டெல்பி என்கிறார் என்று நினைத்தேன். அதோடு ஏப்ரலிலிருந்து அவர் பெயருக்கு மெட்ராஸிலிருந்து பழுப்பு உறைகள் வந்துகொண்டிருந்தன. அனுப்பியவர் பெயர் ஒன்றிலும் இல்லை. தபால் ரெஜிஸ்டரில் எண்ணிப் பார்த்தேன், ஏழு. முந்தின வாரம்தான் முதலாளிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தேன்: "டெல்பி விற்பவர்களிடம் கமிஷன் பேச்சாக இருக்கலாம் என்று ஐயுறுகிறேன்." முதலாளி படித்துவிட்டு மேஜை டிராயரில் வைத்தார்.

முதலில் கிருபாபாய் காட்டினார். ஒரே ஒரு பிளாப்பி. நான் எட்டிப் பார்த்தேன். சாம்பல் நிறத் திரை, மூன்று கட்டம், ஒன்றுக்கொன்று நேராக நிற்காத இரண்டு பொத்தான்கள்.

"என்னம்மா, ரேஷன் கடை போர்டு மாதிரி இருக்கு?" என்றார் முதலாளி.

"சோதனைப் பதிப்புல செஞ்சது, முதலாளி. பொறவு அழகு பண்ணிக்கிடலாம். உள்ள வேலை சரியா நடக்கும்."

"உள்ளுக்குள்ள நடக்கிறது யாருக்குத் தெரியும்?" என்று சேதுபதி சிரித்துக்கொண்டே ஆறு பிளாப்பிகளை அடுக்கினார். "சார், உங்க சுயம்புலிங்கம் சார் கிட்ட மூணு மாச ரெஜிஸ்டரை ஜெராக்ஸ் வாங்கிட்டுப் போனேன்ல? அம்புட்டையும் ஏத்திக் கொண்டாந்திருக்கேன். இனி நீங்களே பாருங்க."

நான் திரையைப் பார்க்கவில்லை. மற்றவர்கள் முகத்தைப் பார்த்தேன். முதலாளியின் முகத்தில் ரோஸ் வெளிச்சம் விழுந்தது. சுயம்புலிங்கம் வாயைத் திறந்தவர் மூடவில்லை. கோபுரம் படம் இருந்ததாம், நர்ஸ் படம் இருந்ததாம், பச்சைப் பொத்தான் அமுக்கினால் உள்ளே அமுங்குகிற மாதிரியே இருந்ததாம். அந்த நேரம் கீழே ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்து, கிருபாபாய் எடுக்கப் போனார். சேதுபதி ஒவ்வொரு எண்ணாக அடித்து உரக்கப் படித்தார். நான் காதில் விழுந்ததை அப்படியே எழுதினேன். எழுதிக்கொண்டே கீழே இருந்த சிவப்பு விளக்கைப் பார்த்தேன். அது மினுங்கவே இல்லை.

"என்னய்யா தவசிமுத்து, முழிக்க?" என்றார் முதலாளி.

"இல்ல முதலாளி... அவிய தேடச் சொல்லி அமுக்குறாவ. கீழ இந்தச் செவப்பு லைட்டு எரியவே இல்லை. டிஸ்க்குல தேடினா மினுங்கும்லா?"

சேதுபதி மவுஸை விட்டுவிட்டுக் கைதட்டினார். "சார், நாம ஸ்கிரீனைப் பாக்கோம், அண்ணன் லைட்டைப் பாக்காரு! ஒரு தடவை படிச்சதை மெமரில வச்சுக்கிடும் அண்ணே. திரும்பத் திரும்ப டிஸ்க்குக்குப் போகாது. அதுக்குத்தான் மெமரின்னு பேரு."

"ஏலே தவசி, நீ டைப்ரைட்டர்லயே இரி," என்றார் சுயம்புலிங்கம். "அது அடிச்சா சத்தம் வரும். ஒனக்கு அதான் லாயக்கு."

அறையே சிரித்தது. முதலாளியும் சிரித்தார். நான் கேட்கும்போதே வாசலுக்குத் திரும்பி வந்திருந்த கிருபாபாய் மட்டும் சிரிக்கவில்லை. அதையும் நான் சந்தேகத்தோடுதான் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் புதன்கிழமை காலை முதலாளி என்னைக் கூப்பிட்டார். "ரெண்டு கடிதம் அடி. ஒண்ணு மதுரைக்கு, ஆர்டர். இன்னொண்ணு அந்தப் புள்ளைக்கு. இந்த மாசக் கடைசியோட போதும்னு, மரியாதையா எழுது. சாயந்தரம் நான் மெட்ராஸ் ரயில் ஏறணும். அதுக்குள்ள கையெழுத்துக்கு வை."

நான் நினைத்தபடிதான் நடந்தது. ஆனால் கார்பன் தாளை வைத்துச் சுற்றும்போது மனம் சரியாக இல்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் கிருபாபாய் ஏதோ அடித்துக்கொண்டிருந்தார். தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஏழரை மணி பஸ்ஸில் வருகிறவர். மடியில் சாப்பாட்டுத் தூக்கு. அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

முதலில் மதுரைக் கடிதத்தின் மேல் எண் போட ரெஜிஸ்டரைத் திறந்தேன். கடைசியாகப் போனது 327. கை தானாக 329 என்று அடித்தது.

 முந்தின நாள் சேதுபதி எண்களைப் படித்த குரல் காதில் திரும்ப வந்தது. என் கூட்டக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்திலேயே இருந்தது: "1206 பாஸ், 1207 பாஸ், 1208 பாஸ், 1209 பாஸ்."

உடனே முதலாளியிடம் ஓடவில்லை. விளக்கைப் பற்றிக் கேட்டு வாங்கிய சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. படியிறங்கி ஆட்டோகிளேவ் பிரிவுக்குப் போனேன்.

"சுயம்பு, உன் லாட் ரெஜிஸ்டரைக் காட்டு."

"எதுக்கு? இன்னைக்கு எந்த லைட்டு எரியலை?"

"1207-க்கு அடுத்தது என்ன?"

"1209," என்றார் யோசிக்காமல்.

"1208?"

"அது எங்க இருக்கு? நம்ம கிட்டத்தான் எட்டே..." சுயம்புலிங்கம் நிறுத்தினார். கையிலிருந்த கிளவுஸைக் கழற்றினார். "அவன் படிச்சானா அதை?"

"நீ ஸ்கிரீனுக்கு முன்னால உக்காந்திருந்தேல்லா, பாக்கலையா?"

"கலரைப் பாத்துக்கிட்டிருந்தேன்டே," என்றார். முதல்முறையாக எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை.

ரெஜிஸ்டரை எடுத்துக்கொண்டு இருவரும் முதலாளியிடம் போனோம். அவர் என்னைத்தான் பார்த்தார். "ஏமய்யா, நேத்து லைட்டு, இன்னைக்கு நம்பரா? வாயால படிக்கையில ஒரு நம்பர் தவறி வந்திருக்கும். இல்ல, நீ தப்பா எழுதியிருப்ப."

"நான் தப்பா எழுத மாட்டேன், முதலாளி," என்றேன். இருபது வருடத்தில் அவரிடம் நான் எதிர்த்துப் பேசிய ஒரே வாக்கியம் அதுதான்.

அவர் சிறிது நேரம் ரெஜிஸ்டரைப் புரட்டினார். பிறகு, "அந்த ஆளு இப்ப ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியிலதான் இருக்கான். அவிய மிஷின்லயும் போட்டுக் காட்டுறேன்னான். எனக்கும் ரயில் அங்கயே ஏறிக்கிடலாம். வா," என்றார். போகும்போது தட்டச்சு மிஷினில் எண்ணோடு நின்ற கடிதத்தைப் பார்த்தார். "அதை அப்படியே வை."

கம்பெனி வேனில் கிளம்பினோம். முதலாளியின் பெட்டி என் மடியில் இருந்தது. 1208 என்பது என் காதின் பிழையாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று வழிநெடுக யோசித்தேன்.

ஆஸ்பத்திரி ஸ்டோரில் சேதுபதியும் ஸ்டோர் பொறுப்பாளர் ஞானபாக்கியம் சிஸ்டரும் திரைமுன் இருந்தார்கள். சிஸ்டர் சந்தோஷமாக இருந்தார். "எம்புட்டு நல்லா இருக்கு ராஜா சார்! நம்பரை அடிச்சா உடனே சொல்லிடுது."

"நானும் ஒரு நம்பர் கேக்கேன்," என்றார் முதலாளி. நாற்காலியில் உட்காரவில்லை. "1218."

சேதுபதி அடித்தார். பச்சைப் பொத்தானை அமுக்கினார். இந்தமுறை நான் திரை தெரியும் இடத்தில் நின்றேன். அழகாகத்தான் இருந்தது. நர்ஸ் படத்துக்குக் கீழே பச்சை எழுத்தில் வந்தது: 1218, பாஸ்.

முதலாளி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "தவசிமுத்து, நீ ஒண்ணு கேளு."

"1211," என்றேன்.

பாஸ்.

"அது நாங்க கட்டி ஒதுக்கி வச்ச லாட்டு," என்றார் முதலாளி மெதுவாக. "சிவப்பு மையில எழுதியிருக்கு. நீ ஜெராக்ஸ் வாங்கிட்டுப் போன தாள்லயே இருக்கு."

ஞானபாக்கியம் சிஸ்டர் திரையையும் சேதுபதியையும் மாறி மாறிப் பார்த்தார். சேதுபதியின் முகத்தில் பயம் இல்லை, சலிப்புத்தான் இருந்தது. "சார், இது டெமோ. பொத்தானுக்குப் பின்னால இப்ப ஒரு வரிதான் எழுதியிருக்கு. என்ன அடிச்சாலும் பாஸ்னு காட்டும். எல்லாக் கம்பெனியிலயும் இப்படித்தான் காட்டுவோம். ஆர்டர் குடுத்தா ரெண்டு மாசத்துல உள்ள உள்ளதையும் எழுதிடுவோம்."

"ஏத்தியாச்சுன்னு சொன்னியே?"

"ஏத்துவோம்னு அர்த்தம் சார்."

"எப்பா," என்றார் சிஸ்டர், "என்ன அடிச்சாலும் பாஸா? நான் ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்புற துணிப்பா இது."

சேதுபதி பிளாப்பிகளை எடுத்து அடுக்கினார். ஆறையும் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினார்.

ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் முதலாளி சொன்னார்: "மதுரை கிடையாது. ஆனா ஒண்ணு, அந்தச் சாமான் மேல தப்பு இல்லை. ஆள்தான் தப்பு. நாளைக்கு அந்தப் புள்ளையோட பெட்டியிலயும் 1208 கேளு, 1211 கேளு."

"சரி, முதலாளி."

"கமிஷன்னு சீட்டு எழுதிக் குடுத்தது நீதான். அதை நான் மறக்கலை. அந்த உறை விஷயம் என்னன்னு பாரு. எந்தச் சாமான் வாங்கணும், அந்தப் புள்ள இருக்கணுமா வேண்டாமா, ரெண்டையும் எழுத்துல அனுப்பு. திங்கக்கிழமை வரைக்கும் மெட்ராஸ் லாட்ஜுலதான் இருப்பேன். கடிதம் வந்தா சாமானை அங்கயே வாங்கிட்டு வாரேன். வரலைன்னா, நீ அடிக்கச் சொன்ன ரெண்டாவது கடிதத்தை வந்து கையெழுத்துப் போடுறேன்."

அடிக்கச் சொன்னது அவர். ஆனால் அதற்கு வழி செய்தது என் சீட்டுத்தான்; அவர் சொன்னதில் தவறில்லை என்று எனக்குப் பட்டது.

வியாழக்கிழமை காலை கிருபாபாய் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும் கேட்டேன். "உன் பெட்டியில 1208 அடி."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. அடித்தார். சாம்பல் திரையில் வந்தது: "இந்த எண்ணில் லாட் இல்லை." கீழே சிவப்பு விளக்கு ஒருமுறை மினுங்கியது. 1211 அடித்தார்: "ரிஜெக்ட். டேப் கறுக்கவில்லை." இந்தமுறை விளக்கு மினுங்கவில்லை. நான் அவரைப் பார்த்தேன்.

"அதைத்தான் அவரு சொன்னாரு, அண்ணாச்சி. மெமரில இருந்தா எரியாது. அது உண்மைதான். ஆனா நீங்க கேட்டதும் தப்பில்ல. நான் அதுக்குத்தான் சிரிக்கலை."

எனக்கு அப்போதும் முழுதாக நம்பிக்கை வரவில்லை. எங்கள் எட்டுப் பழக்கம் இவருக்குத் தெரியும். எட்டில் முடிந்தால் இல்லை என்று சொல்லும்படி எழுதியிருக்கலாம். சுயம்புலிங்கத்திடம் ரெஜிஸ்டரை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு பக்கங்களில் விரல் வைத்து முப்பது எண்கள் கேட்டேன். முப்பதும் சரியாக வந்தன. தேதிகூடப் பிசகவில்லை.

பிறகு தபால் ரெஜிஸ்டரை எடுத்தேன். "கிருபாபாய், உனக்கு மெட்ராஸ்ல இருந்து வந்த உறைகளைப் பாக்கணும்."

அவர் முகம் மாறியது. "நீங்கதான் முதலாளி கிட்ட எழுதினீகளா?"

"ஆமா."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா காட்டியிருப்பேன்ல, அண்ணாச்சி."

 அவர் மேஜையைத் திறந்து கட்டாக எடுத்து வைத்தார். ஒவ்வொன்றாகப் பிரித்தேன். முத்திரைத் தேதியை என் ரெஜிஸ்டரோடு ஒத்துப் பார்த்தேன். மெட்ராஸில் டெல்பி கற்கிறவர்கள் சிலர் சேர்ந்து கேள்வி பதில் எழுதிக்கொள்கிறார்கள் போலிருக்கிறது. இவர் எழுதிக் கேட்ட கேள்விகள் இவர் கையெழுத்திலேயே இருந்தன. பக்கத்தில் யாரோ பச்சை மையில் பதில் எழுதியிருந்தார்கள். கட்டம் ஏன் திரையில் நகர்கிறது, ஆஸ்பத்திரியின் பழைய மிஷினில் ஓட எவ்வளவு மெமரி வேண்டும். கமிஷன் என்ற வார்த்தை எங்கும் இல்லை.

ஆனால் உறைகள் ஆறுதான்.

"ரெஜிஸ்டர்ல ஏழு இருக்கு," என்றேன்.

கிருபாபாய் எழுந்தார். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். பிறகு சாப்பாட்டுத் தூக்கு வைத்திருந்த பையிலிருந்து ஏழாவதை எடுத்தார். மெட்ராஸில் ஒரு கம்பெனி. அந்தக் கேள்வி பதில் ஆட்களில் ஒருவர் சொல்லி, இன்டர்வியூவுக்கு வரச்சொல்லி எழுதியிருந்தார்கள். இன்டர்வியூவுக்கு ஜூன் பத்தாம் தேதி போட்டிருந்தது. தேதி போய்விட்டது.

"போகலையா?"

"போகலை. இந்தப் புரோகிராமை முடிச்சுட்டுப் போவோம்னு நெனச்சேன். இவிய அதுக்கே விடலையே." உறையைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்: "இதை எழுதிராதீக அண்ணாச்சி. எப்ப வேணும்னாலும் ஓடிப்போற ஆளுன்னு முதலாளி நெனச்சுக்கிடுவாரு."

"நீ ஓடிப்போவியா?"

"தெரியல," என்றார். "பொய் சொல்ல வரலை."

மத்தியானம் முழுவதும் அந்தக் கடிதத்தை எழுதினேன். பழைய தாளை மிஷினிலிருந்து உருவிக் கிழித்தேன். அது கையெழுத்தாகாத கடிதம். அதனால் 329 என்ற எண் இதற்கே வந்தது. முதல் பத்தியில் 1208-க்கும் 1211-க்கும் கிருபாபாயின் திரை சொன்ன விடைகளை எழுதினேன். இரண்டாவதில், முப்பது எண்களையும் சோதித்தது. மூன்றாவதில், டெல்பிப் பெட்டி ஒன்று வாங்கி வரும்படியும், அதோடு வரும் பதிவு அட்டையில் கம்பெனிப் பெயருக்குக் கீழே கிருபாபாயின் பெயரை எழுதிக்கொள்ளும்படியும் கேட்டுக்கொண்டேன். நான்காவது பத்தி வரவில்லை. இருபது வருடமாகப் பார்த்ததை எல்லாம் எழுதியே பழகியவன். ஒன்றை விட்டால் அது நான் எழுதிய கடிதமாக இருக்காது. எழுதினால் அந்தப் பெண்ணின் வேலை போய்விடும்.

இரண்டு தாளைக் கிழித்த பிறகு, மூன்றாவது தாளில் நான்காவது பத்தியை இப்படி எழுதினேன்:

"கிருபாபாய் பெயருக்கு வந்த ஏழு உறைகளையும் முத்திரைத் தேதியுடன் ஒத்துப் பார்த்தேன். எதிலும் கமிஷன் சம்பந்தமாக ஒன்றும் இல்லை. ஒன்பதாம் தேதி நான் கொடுத்த சீட்டில் சந்தேகப்பட்டது தவறு. அந்தச் சீட்டைத் தயவுசெய்து கிழித்துவிடவும். அவர் வேலையில் இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்."

திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதைத்தான் நான்கு முறை படித்துச் சரிபார்த்தேன். எழுதாமல் விட்டது எழுதியதற்கு உள்ளே எங்காவது தெரிகிறதா என்றும் பார்த்தேன். தெரியவில்லை.

கார்பன் பிரதியைக் கோப்பில் போட்டேன். கடிதத்தை மூன்றாக மடித்து உறையில் வைத்து, பசை தடவி ஓரத்தை நகத்தால் இழுத்து ஒட்டினேன். மேலே லாட்ஜ் விலாசம். நாலரை மணிக்குத் தபாலாபீஸ் கவுண்டரில் ஸ்பீடு போஸ்டாகக் கொடுத்தேன். கவுண்டர்காரர் முத்திரை குத்தி, உறையைப் பின்னால் இருந்த சாக்குப்பைக்குள் போட்டு, ரசீதை நீட்டினார். ரசீதின் எண்ணைப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.